நாமினி இடத்தில் மறைந்த மனைவியின் பெயர்

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்பது ஆண்டுகளாக வெளிநாட்டில் வேலை செய்கிறேன். எனக்கும் மனைவிக்கும் எச்.ஐ.வி. தொற்று இருந்தது, சென்ற ஆண்டு அவள் காசநோயில் இறந்துவிட்டாள். நான் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. பத்து வயது மகள் என் தாயிடம் வளர்கிறாள். எனக்குப் பின் அவளுக்கு ஆதரவாக, சேமிப்பு முழுவதையும் கொண்டு ஆயுள் காப்பீடு எடுக்க நினைக்கிறேன். விண்ணப்பத்தில் தொற்றை மறைக்கலாமா? வைப்புநிதியில் நாமினியாக இன்னும் மனைவி பெயர்தான் இருக்கிறது. அதை அடிக்கக் கை வரவில்லை.

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். தொற்றை மறைக்கவே கூடாது. மறைத்து எடுத்த பாலிசியின் மருத்துவப் பதிவுகளை, உங்கள் மகள் பணம் கேட்டு வரும் நாளில்தான் நிறுவனம் புரட்டிப் பார்க்கும். அப்போது அது நிராகரிக்கப்பட்டால், கட்டிய பிரீமியமும் வீண், குழந்தைக்கும் ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லி விண்ணப்பித்தால், சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்தில் தருகின்றன. மறுத்தால் அந்தத் தொகையை மாதந்தோறும் மகளுக்கெனத் தனியாகச் சேமியுங்கள்.

நீங்கள் விரைவில் போய்விடுவீர்கள் என்ற கணக்கில்தான் உங்கள் கடிதம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு தவறு. மருந்தை விடாமல் எடுப்பவர்கள் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதால், உங்கள் ஓய்வுக் காலத்துக்கும் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் தேவைப்படுவது, திடீரென ஊர் திரும்ப நேர்ந்தால் கைகொடுக்கும் பணம். வெளிநாட்டுத் தொழிலாளர் உட்பட எவரையும் வேலைக்காக எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-இல் தன் 200-ஆம் பரிந்துரையில் சொன்னபோதிலும், சில நாடுகளில் குடியிருப்பு அனுமதி இன்றும் இரத்தப் பரிசோதனையைச் சார்ந்தே இருக்கிறது. அனுமதி போனால் சம்பளமும், நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடும் சேர்ந்தே போய்விடும். எனவே ஆறு மாதக் குடும்பச் செலவு, சிகிச்சைச் செலவு, விமானக் கட்டணம் ஆகியவற்றைச் சொந்த நாட்டுக் கணக்கில் வையுங்கள். மருந்துச் சீட்டின் நகலோடு, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு மாத்திரையைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். இடைவெளி விழுந்து வைரஸ் மருந்துக்குப் பழகிவிட்டால், அடுத்த கட்ட மருந்துக்கு மாற வேண்டியிருக்கும், செலவும் ஏறக்கூடும்.

நாமினியை இந்த வாரமே மாற்றுங்கள். நாமினி உயிருடன் இல்லாவிட்டால், வாரிசுச் சான்றுக்காக உங்கள் தாய் முதுமையில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேரும். மகள் மைனர் என்பதால், அவள் சார்பில் பணத்தைப் பெற உங்கள் தாயையோ நம்பிக்கையான உறவினரையோ குறிப்பிடுங்கள். பெரும்பாலான வங்கிகள் இதற்குப் புதிய படிவம்தான் கேட்கும். பழைய தாளில் இருக்கும் அவர் பெயரை நீங்கள் அடிக்க வேண்டியதில்லை.