14 நாளில் 5 நாடு வேண்டாம்

வெளிநாட்டு வேளாண் கல்விப் பயணத்துக்கு மகளை அனுப்பலாமா என்று கேட்டு ஒரு பெற்றோர் வந்தார்கள். கையில் பயணத் திட்டம்: 14 நாள், 5 நாடு, பெயர்பெற்ற பல்கலைக்கழக வளாகங்கள், கடைசியில் ஒரு சான்றிதழ். அவர்கள் பயந்தது குளிருக்கும் சாப்பாட்டுக்கும். அதை இரண்டு வார்த்தையில் தீர்த்துவிட்டேன். எனக்கு உறுத்தியது அந்தத் திட்டம்தான்.

"ரோபோ பால் கறப்பதையும் ட்ரோனையும் பார்த்துவிட்டு வந்தால்தான் எதிர்காலம் என்கிறார் அவள் மாமா" என்றார் தந்தை. மகளைக் கேட்டேன். "எனக்கு மண்தான் பிடிக்கும் சார்" என்றாள். படிக்கப்போவது மாமா இல்லையே!

ஐந்து நாடு என்றால் 14 நாளில் பாதி விமான நிலையத்திலும் பேருந்திலும் போய்விடும். மிச்சம் இருப்பது வளாக வாசலில் எடுத்த படங்கள். சான்றிதழும் இவள் அங்கே போனாள் என்பதைத்தான் சொல்லும், கற்றாள் என்று சொல்லாது. இதற்குக் கடன் வாங்குவதாக இருந்தால் பயணமே வேண்டாம். கடன் வாங்கும் துணிச்சலைப் பட்டப்படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மண் பிடித்தவளுக்கு ஓர் இடம் போதும். இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் ஊரில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிராட்பால்க் என்ற வயலில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. தொடங்கியவர்கள் லாஸ், கில்பர்ட் என்ற இருவர். ஒரு பாத்திக்கு அன்றிலிருந்து உரமே கிடையாது. வேறொன்றுக்குத் தொழுவுரம் மட்டும். மற்றவற்றுக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் வெவ்வேறு அளவில். உரமில்லாத பாத்தி எக்டேருக்கு ஏறக்குறைய 1 டன் கோதுமையோடு நின்றுவிடுகிறது. பக்கத்துப் பாத்தியில் பயிர் அடர்ந்து நிற்கிறது. அந்த வரப்பில் ஒரு மணி நேரம் நின்றால் பாடப்புத்தகத்தின் மூன்று அத்தியாயம் கண்ணெதிரே விரியும். 1882-இல் வயலின் ஓரத்தில் ஒரு துண்டை அறுவடை செய்யாமல் அப்படியே விட்டார்கள். இன்று அதில் ஒரு பகுதி காடு! எடுத்த மண்ணையும் பயிரையும் தலைமுறை தலைமுறையாகச் சேமித்ததில் 3 லட்சத்துக்கு மேல் மாதிரிகள் சேர்ந்திருக்கின்றன. முன்னோர் புட்டியில் அடைத்ததை எடுத்து, அவர்கள் கேட்காத கேள்விகளுக்கு இன்று விடை தேடுகிறார்கள்.

நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. பல மாதம் முன்பே எழுதி அனுமதி கேட்க வேண்டும். என்ன பார்க்க வேண்டும், ஏன் என்பதை அவளே எழுதட்டும், நீங்கள் எழுதித் தராதீர்கள். விதைப்பு இலையுதிர் காலத்தில், அறுப்பு ஆகஸ்ட் வாக்கில். ஜூன், ஜூலையில் போனால் பாத்திக்குப் பாத்தி வேறுபாடு பளிச்சென்று தெரியும். மலிவு டிக்கெட் என்று ஜனவரிக்குப் போட்டால் பச்சைப் புல்போல நிற்கும் நாற்றைத்தான் பார்ப்பாள்.

அப்புறம், காலணி. பண்ணைக்குள் போகும் முன்னும் வந்த பின்னும் மண் ஒட்டாமல் கழுவிவிட வேண்டும். 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். அதனால் இதில் அவர்கள் விளையாட மாட்டார்கள். திரும்பும்போது சுங்கப் படிவத்தில் பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்டிருந்தால் உண்மையை எழுதச் சொல்லுங்கள். இவள் கட்டாயம் ஒரு பிடி மண்ணைப் பையில் போடப் பார்ப்பாள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் அது கூடாது. ஒரு நோட்டும் அளவுகோலும் கொடுத்து அனுப்புங்கள்.