மோதிரம் இல்லாதவர்கள் எல்லாம் பயந்து சொதப்பியவர்களா?

கேள்வி: நான் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். கூடைப்பந்து அணியையும் நானே பார்த்துக்கொள்கிறேன். பையன்கள் பழைய என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்களை யூடியூபில் பார்த்துவிட்டு, "கார்ல் மலோன், பார்க்லி, யூயிங் எல்லாம் கடைசி நேரத்தில் சொதப்புகிறவர்கள், அதனால்தான் சாம்பியன் ஆகவில்லை, சாம்பியன்களுக்குக் கொடுக்கும் மோதிரமும் இல்லை" என்று பேசிக்கொள்கிறார்கள். போன போட்டியில் எங்கள் பையன் ஒருவன் கடைசி நிமிடத்தில் இரண்டு ப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) விட்டான். இப்போது அவனுக்கு 'மலோன்' என்று பட்டப்பெயர். அந்தப் பெரிய ஆட்டக்காரர்கள் நிஜமாகவே நெருக்கடியில் உடைந்தவர்கள்தானா? ஒருவன் பயத்தில் சொதப்புகிறானா, சும்மா தோற்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இனி கடைசி நேரத்தில் அவனிடம் பந்தைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஏன் என்று சொல்ல, அந்தப் பட்டப்பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பையன்கள் பார்த்த காட்சி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். 1997 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, சிகாகோ. புல்ஸுக்கும் யூட்டா ஜாஸுக்கும், சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடரான ஃபைனல்ஸின் முதல் ஆட்டம். ஸ்கோர் 82-82, மீதி 9.2 விநாடி. ப்ரீ த்ரோ கோட்டில் ஜாஸின் மலோன். அந்த சீசனின் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருதை, புல்ஸின் மைக்கேல் ஜோர்டானை முந்திக்கொண்டு வாங்கியவர். 'தபால்காரர்' என்று அவருக்குப் பெயர். கொண்டுவந்து சேர்க்காமல் விடமாட்டார் என்பதால். பக்கத்தில் வந்த புல்ஸ் ஆட்டக்காரர் ஸ்காட்டி பிப்பன், ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று காதில் போட்டுவிட்டுப் போனார். முதல் பந்து உள்ளே போகவில்லை. இரண்டாவதும் போகவில்லை. விழாமல் திரும்பிய பந்து (ரீபவுண்ட்) புல்ஸ் கைக்கு வந்தது, ஜோர்டான் எறிந்த பந்து பஸ்ஸர் சத்தத்தோடு உள்ளே விழுந்தது. 84-82.

கதையாகக் கேட்க அருமையாக இருக்கிறது. கணக்காகப் பாருங்கள். மலோன் தன் வாழ்நாளில் 100 ப்ரீ த்ரோவுக்கு 74 போட்டவர். அப்படி ஒருவர் அடுத்தடுத்து இரண்டை விடும் வாய்ப்பு, 0.26-ஐ 0.26-ஆல் பெருக்கினால், சுமார் 7 சதவீதம். பிப்பனும் இல்லை, ஃபைனல்ஸும் இல்லை, யாரும் கவனிக்காத ஜனவரி மாத ஆட்டம் என்றாலும் 15 தடவைக்கு ஒரு தடவை இது நடந்துதான் தீரும். அன்று அவர் பயப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. பயந்திருக்கலாம். ஆனால் இரண்டு பந்தை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க முடியாது. உங்கள் பையன் 60 சதவீதம் போடுகிறவன் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் விடும் வாய்ப்பு 16 சதவீதம். ஆறு தடவைக்கு ஒன்று. அதற்கா பட்டப்பெயர்?

அப்படியென்றால் எதை வைத்துச் சொல்வது? நான் பார்க்கும் முறை எளிது. ஆட்டக்காரரைச் சாம்பியன்களோடு ஒப்பிடக் கூடாது. அவரோடே அவரை ஒப்பிட வேண்டும். சாதாரண நாளில் அவர் எப்படி ஆடுவார், பெரிய நாளில் எப்படி ஆடினார்? அப்புறம், பெரிய நாளில் குறைந்திருந்தால் எது குறைந்தது? ப்ரீ த்ரோவா, ஆட்டத்துக்கு நடுவே எறியும் ஷாட்டா? ஏனென்றால் ப்ரீ த்ரோவில் எதிரே கை நீட்ட யாரும் இல்லை, தூரமும் மாறாது. அங்கே ஒருவர் தன் வழக்கத்தைவிடத் தொடர்ந்து கீழே போனால், மனசைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. ப்ரீ த்ரோ அப்படியே இருந்து மற்ற ஷாட் மட்டும் குறைந்தால், எதிரணியின் தடுப்பாட்டத்தைப் பாருங்கள்.

இந்த அளவுகோலில் மலோனை நிறுத்துவோம். ரெகுலர் சீசனில், அதாவது வழக்கமான லீக் ஆட்டங்களில், ப்ரீ த்ரோ 74.2 சதவீதம்; அதற்குப் பிறகு வரும் நாக்-அவுட் கட்டமான பிளேஆஃபில், 193 ஆட்டங்களில் 73.6. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மற்ற ஷாட்கள் 51.6 சதவீதத்திலிருந்து 46.3-க்கு இறங்கிவிட்டன. பிளேஆஃபில் எல்லோருக்கும் கொஞ்சம் இறங்கும், எதிரே பலமான அணிகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்பதால். மலோனுக்கு இறங்கியது கொஞ்சம் அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. காரணம் என்று எனக்குப் படுவது இது: ஜாஸ் அணியின் சோறும் குழம்பும் ஜான் ஸ்டாக்டனும் மலோனும் சேர்ந்து ஆடும் பிக் அண்ட் ரோல் (ஒருவர் எதிராளியை மறித்து நின்றுவிட்டு, உடனே வளையத்தை நோக்கி ஓடிப் பந்தை வாங்கும் ஆட்டம்). ரெகுலர் சீசனில் எதிரணி அதை ஒரு ராத்திரி சமாளித்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடும். பிளேஆஃபில் அதே எதிரணி ஏழு ஆட்டம் வரை எதிரே நிற்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வழியை அடைத்துக்கொண்டே வரும். சுலபமான ஷாட்கள் போய், தள்ளி நின்று எறியும் கஷ்டமான ஷாட்கள்தான் மிஞ்சும். மலோன் குறைந்தார், உண்மை. ஆனால் கை நடுங்கி அல்ல.

1998-ஐயும் உங்கள் பையன்கள் சொல்வார்கள்: ஆறாவது ஆட்டம், சால்ட் லேக் சிட்டி, ஜாஸ் 86-85 என்று ஒரு புள்ளி முன்னிலை, சுமார் 20 விநாடி பாக்கி. மலோன் இடது பக்கத்தில் பந்தை வாங்குகிறார், முதுகில் புல்ஸின் டென்னிஸ் ராட்மன். ஜாஸின் ஜெஃப் ஹோர்னசெக் குறுக்கே ஓடி வெளியே போகிறார். அவரைக் காவல் காக்க வேண்டிய ஜோர்டான் அவர் பின்னால் போகாமல், மலோன் கண்ணுக்குப் படாத பக்கத்திலிருந்து வந்து பந்தைத் தட்டிப் பறித்தார். பிறகு மறுமுனைக்குப் போய் 5.2 விநாடி இருக்கும்போது அந்தக் கடைசி ஷாட். 87-86. இதில் மலோன் சொதப்பினாரா, ஜோர்டான் எடுத்தாரா? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பையன்களிடமே கேளுங்கள். கேட்கும்போது இதையும் சொல்லுங்கள்: அன்று மலோன் 31 புள்ளி, 11 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). அதற்கு முந்தைய ஆட்டம் சிகாகோவில், தோற்றால் சீசனே முடிந்தது என்ற நிலை. அதில் 39 புள்ளி எடுத்து 83-81 என்று ஜெயித்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்த ஆட்டத்தை யாரும் கிளிப் போட்டுப் பார்ப்பதில்லை.

பார்க்லி விஷயத்தில் வாதமே வேண்டாம். ரெகுலர் சீசனில் ஆட்டத்துக்கு 22.1 புள்ளி, 11.7 ரீபவுண்ட், பிளேஆஃபில் 23.0, 12.9. பெரிய நாளில் கூடியவர். 1993-ல் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 44 புள்ளியும் 24 ரீபவுண்டும் எடுத்துத் தன் அணியான ஃபீனிக்ஸை ஃபைனல்ஸுக்குக் கொண்டுபோனார். அங்கே எதிரணியான சிகாகோவின் ஜோர்டான் ஆட்டத்துக்குச் சராசரி 41 எடுத்தார். ஆறாவது ஆட்டத்தில் சிகாகோவின் ஜான் பாக்ஸன் 3.9 விநாடி இருக்கையில் ஒரு மூன்று புள்ளி ஷாட்டைப் போட, 99-98 என்று முடிந்தது. பாக்ஸன் பந்து வெளியே போயிருந்தால் ஏழாவது ஆட்டம், அதுவும் ஃபீனிக்ஸில்.

இப்போது, உங்கள் பட்டியலில் இல்லாத ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மோதிரக் கணக்கு எவ்வளவு கோணல் என்பதற்கு ஜெர்ரி வெஸ்ட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் ஆட்டக்காரர். கடைசி நேரத்தில் கைகொடுப்பவர் என்ற பொருளில் 'மிஸ்டர் கிளட்ச்' என்றே அவரை அழைத்தார்கள். அப்படிப்பட்டவர் ஒன்பது ஃபைனல்ஸ் ஆடி எட்டில் தோற்றார். 1969-ல் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் எடுத்தும் 108-106 என்று இரண்டு புள்ளியில் போனது. ஃபைனல்ஸ் எம்.வி.பி. விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட ஆண்டு அது. தோற்ற அணியில் இருந்த வெஸ்ட்டுக்கே கொடுத்தார்கள். இன்றுவரை அந்த விருதைத் தோற்ற அணியிலிருந்து வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

மூன்று வருடம் கழித்து, 1972-ல், ஒருவழியாக நியூயார்க்கைத் தோற்கடித்து மோதிரம் வாங்கினார். அந்தத் தொடரில் எப்படி ஆடினார் தெரியுமா? சராசரி 20 புள்ளியைத் தொடவில்லை. எறிந்த ஷாட்களில் மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வில்ட் சேம்பர்லெயினும் மற்றவர்களும் தாங்கிக்கொண்டார்கள். அற்புதமாக ஆடிய வருடம் மோதிரம் இல்லை, ஷாட் விழாத வருடம் மோதிரம் உண்டு. மோதிரத்தை வைத்து மனத்திடத்தை அளக்கிறவர்கள் இந்த இரண்டு வருடங்களுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

அவருடைய சக ஆட்டக்காரர் எல்ஜின் பேலருக்கு ஃபைனல்ஸில் ஆடிச் சாம்பியன் ஆவது ஒரு தடவைகூட வாய்க்கவில்லை. 1962 ஃபைனல்ஸில் பாஸ்டன் மண்ணில் ஒரே ஆட்டத்தில் 61 புள்ளி எடுத்தவர். அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 41 புள்ளி, 22 ரீபவுண்ட். 100-100 என்றிருக்கும்போது லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வி எறிந்த கடைசி ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போனது. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் ஜெயித்தது. முழங்கால் ஒத்துழைக்காமல் 1971-72 சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பேலர் விலகினார். அவர் விலகியதும் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்தது, அந்த வருடமே சாம்பியனும் ஆனது. பேலரிடம் என்ன குறையைக் கண்டுபிடிப்பது? எதிரே பாஸ்டனின் பில் ரஸ்ஸல் இருந்தார், 13 சீசனில் 11 கோப்பை வாங்கியவர். அவ்வளவுதான்.

யூயிங் கதை இவ்வளவு சுத்தமில்லை. 1994 ஃபைனல்ஸில் நியூயார்க்குக்காக ஆடிய அவர், எறிந்த ஷாட்களில் 36 சதவீதம்தான் போட்டார். அதே தொடரில் 30 ஷாட்களைத் தடுத்துச் சாதனையும் படைத்தார். எதிரே ஹூஸ்டனின் ஹக்கீம் ஒலாஜுவான், அன்றைய தேதிக்கு உலகின் சிறந்த சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்). அவர் யூயிங்கைவிட நன்றாக ஆடினார். தன்னைவிடக் கெட்டிக்காரரிடம் தோற்பதற்குப் பயம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொடரில் நிஜமாகவே கைவிட்டுப்போனது நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸுக்கு: ஏழாவது ஆட்டத்தில் 18 எறிந்து 2 போட்டார். ஆனால் மூன்று நாள் முன்பு நடந்த ஆறாவது ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்து நியூயார்க்கை ஜெயிக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. மூன்று நாளில் ஒரு மனிதனின் நெஞ்சுரம் காணாமல் போகுமா?

சொதப்பல் என்பதே கிடையாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்டு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்லாண்டோவின் நிக் ஆண்டர்சனைப் பாருங்கள். 1995 ஃபைனல்ஸ் முதல் ஆட்டம், மூன்று புள்ளி முன்னிலை, 10.5 விநாடி பாக்கி, இரண்டு ப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தாலே ஏறக்குறைய முடிந்த கதை. இரண்டையும் விட்டார். பந்து திரும்ப அவர் கைக்கே வந்தது, மறுபடி ஃபவுல், மறுபடி இரண்டு. அவையும் போயின. ஹூஸ்டன் சமன் செய்து கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. ஒரு ராத்திரி என்றால் விட்டுவிடலாம். ஆனால் சுமார் 70 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தவர் 1996-97 சீசனில் 40 சதவீதத்துக்கு வந்துவிட்டார். எதிரே ஆளே இல்லாத இடத்தில், மாதக்கணக்கில். இதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படியில் என்று யோசித்தால் தடுக்கும் அல்லவா, அதுபோலக் கை தானாகச் செய்த வேலையில் புத்தி புகுந்துவிடுகிறது. விளையாட்டு உளவியலாளர்கள் நெருக்கடிச் சொதப்பலுக்குச் சொல்லும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்த மாதிரி ஒரு முத்திரை குத்தப்பட்டும் மீண்டவர் டல்லாஸின் டர்க் நொவிட்ஸ்கி. 2006 ஃபைனல்ஸின் மூன்றாவது ஆட்டத்தில் கடைசி விநாடிகளில் ஒரு ப்ரீ த்ரோவை விட்டார்; 2007-ல் 67 ஆட்டம் ஜெயித்த டல்லாஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியபோது கடைசி ஆட்டத்தில் 13-க்கு 2. உலகமே சிரித்தது. 2011 பிளேஆஃபில் ஓக்லஹோமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 24 ப்ரீ த்ரோ எறிந்து 24-ஐயும் போட்டார், கோப்பையும் வாங்கினார். 2007-லேயே அவரை ஓரங்கட்டியிருந்தால்?

இனி உங்கள் அணி. ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி ஐந்து நிமிடம், வித்தியாசம் ஐந்து புள்ளி அல்லது அதற்குக் கீழே இருக்கும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள், என்.பி.ஏ.வும் நெருக்கடி நேரம் என்று எடுத்துக்கொள்வது இதைத்தான். அதில் ப்ரீ த்ரோவைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். மற்ற ஷாட்களுக்குப் போட்டானா விட்டானா என்பதோடு, எதிரே ஆள் இருந்தானா, கால் நிலையாக இருந்ததா என்பதையும் எழுதுங்கள். நல்ல ஷாட்டை எடுத்துத் தவறவிட்டவனையும், பயந்துபோய் நல்ல ஷாட்டை எடுக்காமல் பந்தை வேறு யாரிடமோ தள்ளிவிட்டவனையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாமவனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன், அவன் பெயர் ஸ்கோர் ஷீட்டில் தவறாக ஏறவே ஏறாது.

விட்ட ப்ரீ த்ரோ வளையத்தின் எந்தப் பக்கம் பட்டது என்று பாருங்கள். முன் விளிம்பிலேயே பட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கால் களைப்பு. ஓட வைத்துச் சரிசெய்யலாம். பந்து இடமும் வலமுமாகச் சிதறினால், கூடவே எறியும் முன் அவன் செய்யும் வழக்கமும் மாறியிருந்தால், அப்போது மனசைப் பாருங்கள். மூன்று முறை தட்டி எறிகிறவன் ஒரு முறை தட்டி எறிந்துவிட்டானா? மலோன்கூட ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, ப்ரீ த்ரோவுக்கு விதி தரும் பத்து விநாடியை முழுதாக எடுத்துக்கொண்டுதான் எறிவார். எதிரணி ரசிகர்கள் சத்தமாக எண்ணிக் கேலி செய்தும் அதை விடவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கும்போது அந்தப் பையனை இரண்டே இரண்டு ப்ரீ த்ரோ எறியச் சொல்லுங்கள், மற்றவர்கள் சுற்றி நின்று கத்தட்டும். இரண்டும் விழுந்தால் எல்லோரும் வீட்டுக்கு. விழாவிட்டால் எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட வேண்டும். தினம் அவனையே நிறுத்தாதீர்கள், ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு வாரத்தில் அணியில் ஒவ்வொருவனும் இரண்டையும் விட்டிருப்பான். அப்புறம் 'மலோன்' என்று யாரை அழைப்பது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிடும்.

நோட்டில் அவனுக்கு மட்டும் ஐம்பது அறுபது ப்ரீ த்ரோவாவது சேரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதுவரை கடைசி நிமிடத்தில் ஃபவுல் வாங்கப்போவது யார் என்று திட்டம் போடும்போது, பயிற்சியில் யார் சதவீதம் அதிகமோ அவனிடம் பந்து போகட்டும். அது அவனாகவே இருந்தால், அவனிடமே.