ஸ்லீவ் அறுவைக்குப் பின் நள்ளிரவுப் பசி

எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை முடிந்து 4 மாதம், இரவு 11 மணிக்கு வெல்லக் கஞ்சி, 1 மணிக்கு வியர்த்துக் கை நடுங்கி விழிப்பு, பிஸ்கட் தின்றால்தான் தூக்கம் என்கிறீர்கள். இது மனவுறுதிக் குறை இல்லைங்க. சுருங்கிய இரைப்பையிலிருந்து கஞ்சி மளமளவென்று குடலுக்குப் போகும். சர்க்கரை ஏறும், இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சர்க்கரை சரியும். உங்களுக்கு நடப்பது அதுதானா என்று ஊகிக்க வேண்டாம். குளுக்கோமீட்டரைத் தலைமாட்டில் வையுங்கள். விழித்ததும், பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் முன் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த எண்களோடு மருத்துவரிடம் போங்கள்.

கஞ்சியை நிறுத்துங்கள். இரவு 8 மணிக்கு முட்டை அல்லது பனீர் முதலில், அப்புறம் ஒரு இட்லி. தண்ணீர் அரை மணி கழித்து.

சர்க்கரை அளவு சரியாக இருந்தும் வாரத்தில் இரண்டு இரவாவது எழுந்து சாப்பிட்டால் அது இரவு உணவுக் கோளாறாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் சிகிச்சை உண்டு. தூக்க மாத்திரையைச் சொந்தமாகப் போடாதீர்கள், சோல்பிடெம் சிலரைத் தூக்கத்திலேயே சாப்பிட வைக்கும்.

எடை குறைந்ததென்று, தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காக்கும் சிபாப் கருவியை நீங்களே நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. தூக்கப் பரிசோதனையை மறுபடி செய்யும்வரை மாட்டுங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் உடனே டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள்.