ஃபைலைப் பூட்டியது யார்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். பச்சைத் தேயிலை எடைக் கணக்கு லிப்ரே ஆபீஸ் ஷீட்டாக, லினக்ஸ் சர்வரின் ஷேர் ஃபோல்டரில் இருக்கிறது. ஒருவர் திறந்து வைத்தால் மற்றவர்களுக்கு லாக் ஆகிவிடுகிறது. யார் பூட்டினார், எப்போது விட்டார் என்று குறித்துவைக்க பைத்தானில், ஃபோல்டரில் நடக்கும் மாற்றங்களைக் கவனித்துச் சொல்லும் வாட்ச்டாக் லைப்ரரியைப் போட்டேன். லாக் என்று ஒரு ஈவென்ட்டே அதில் இல்லையே?
- வாசகர், கோத்தகிரி

பதில்: இல்லைதான், தேடாதீர்கள். லினக்ஸில் வாட்ச்டாக் செய்வதெல்லாம் லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ஐநோட்டிஃபை என்ற ஃபைல் கண்காணிப்பு வசதி சொல்வதை வாங்கி உங்களிடம் கொடுப்பதுதான். 2005-ல் 2.6.13 கெர்னலோடு வந்த அந்த வசதிக்கு ஃபைல் உருவானது, மாறியது, திறந்தது, மூடியது, அழிந்தது எல்லாம் தெரியும். பூட்டியது மட்டும் தெரியாது. கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரில் லாக்ஸ் என்று ஒரு பூட்டுப் பட்டியல் இருக்கிறது. ஆனால் நாமாகப் போய்ப் பார்க்க வேண்டும், ஃபைல் பெயருக்குப் பதில் ஐநோடு எண்தான் (சிஸ்டம் ஃபைலுக்குக் கொடுக்கும் அடையாள எண்) இருக்கும்.

உங்கள் விஷயத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஷீட்டைத் திறந்ததும் லிப்ரே ஆபீஸ் அதே ஃபோல்டரில் ஒரு குட்டி ஃபைலை வைக்கும். புள்ளி, அலைக்குறி, லாக் என்று தொடங்கி, ஷீட்டின் பெயர் வந்து, ஹாஷ் குறியில் முடியும். புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. ஷீட்டை மூடினால் அதுவும் போய்விடும். ஆக, இந்தப் பெயர் உருவானால் பூட்டு, அழிந்தால் திறப்பு. வாட்ச்டாக்கின் ஆன் க்ரியேட்டட், ஆன் டெலீட்டட் இரண்டே போதும்.

யார் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது: பெயர், லாகின், கணினிப் பெயர், தேதி, நேரம், எல்லாம் கமா போட்டு. பெயர் பெரும்பாலும் காலியாக இருக்கும், ஆப்ஷன்ஸில் போய் அதை யார் நிரப்புகிறார்கள்! கணினிப் பெயரே போதும். உருவான அதே கணத்தில் படித்தால் ஃபைல் வெறுமையாக இருக்கலாம். அரை நொடி பொறுத்துப் படியுங்கள்.

ப்ரோக்ராமைச் சர்வரிலேயே ஓட்டுங்கள். ஷேர் ஃபோல்டரை இன்னொரு லினக்ஸ் கணினியில் இணைத்து (மவுண்ட் செய்து) அங்கிருந்து கவனித்தால், மற்றவர்கள் செய்யும் மாற்றம் ஐநோட்டிஃபைக்கு எட்டாது. வேறு வழியில்லை என்றால் வாட்ச்டாக்கின் போலிங் அப்சர்வர் இருக்கிறது. விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும், மெதுவானது.

அப்புறம் கரண்ட். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்து ஆபீஸ் கணினி பட்டென்று அணைந்தால், யுபிஎஸ்ஸில் இருக்கும் சர்வரில் அந்தக் குட்டி ஃபைல் அப்படியே கிடக்கும். டெலீட் ஈவென்ட் வராது. ஃபோல்டரை ஷேர் செய்வது சம்பா மென்பொருள் என்றால், யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று காட்டும் அதன் எஸ்எம்பி ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கணினி இணைப்பில் இல்லை என்றால் அது செத்த பூட்டு. அழிக்கும் முன் அந்தக் கணினியில் வேலை செய்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதை ப்ரோக்ராமே தானாக அழிக்கும்படி எழுத நான் சம்மதிக்க மாட்டேன், விவசாயிகளின் எடைக் கணக்கு அது.

என்னைக் கேட்டால், நாலு பேர் எழுதும் கணக்கு ஷீட்டில் இருக்கவே கூடாது. மரியாடிபியோ போஸ்ட்கிரெஸ்ஸோ, ஏதாவது ஒரு டேட்டாபேஸ் போட்டால் முழு ஃபைலும் பூட்டிக்கொள்ளாது.

கேள்வி: நாங்கள் எக்செல் வைத்திருக்கிறோம். இதே வேலை நடக்குமா?
- வாசகி, குன்னூர்

பதில்: நடக்கும். எக்செல் வைக்கும் ஃபைல் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும், மறைந்திருக்கும். விண்டோஸிலும் லாக் ஈவென்ட் கிடையாது. எந்த ப்ரோக்ராம் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்க விஸ்டாவிலிருந்தே ரீஸ்டார்ட் மேனேஜர் இருக்கிறது.