கரண்ட் பில்ல யாரு கேக்குறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரவுண்ட் ராக்ல இருக்குற என் தங்கச்சி வருஷா வருஷம் கரண்ட் கம்பெனிய மாத்தி பில்ல கொறச்சிக்கிறா. எங்களுக்கு பெடர்னாலஸ் மின் கோஆபரேட்டிவ் (கூட்டுறவு சங்கம்) ஒண்ணுதான். ரேட் ஏறினா ஸ்டேட் மின்சார ஒழுங்குமுறை கமிஷன்ல புகார் குடுக்கலாமா?
– ஒரு வாசகி, லியாண்டர், டெக்சாஸ்

பதில்: குடுக்கலாம், ஆனா ரேட் விஷயத்துல அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. 1999ல டெக்சாஸ் சட்டசபை கரண்ட் விக்கிறத போட்டிக்கு தொறந்துவிட்டு சட்டம் போட்டுச்சு, 2002ல அது நடைமுறைக்கு வந்துச்சு, ஆனா கோஆபரேட்டிவுக்கும் சிட்டி நடத்துற மின் நிறுவனத்துக்கும் மட்டும் விருப்பம் இருந்தா வாங்க, இல்லன்னா பழையபடியே இருங்கன்னு விட்டுட்டாங்க. பெரும்பாலானவங்க வரல. கோஆபரேட்டிவ்ல நியூசஸ் வந்துச்சு, சிட்டின்னு பாத்தா லபக் மட்டும் 2024ல வந்துச்சு.

கோஆபரேட்டிவ இப்படி கமிஷன் கைக்கு வெளிய விட்டதுக்கு சொல்ற காரணம் இதுதான். தனியார் கம்பெனி லாபம் ஷேர்ஹோல்டருக்கு போகுது, அதனால ஜனங்க சார்பா கமிஷன் நிக்கணும். கோஆபரேட்டிவ்ல பில் கட்டுறவங்களே ஓனர், தப்பு பண்ணா போர்டையே மாத்திக்கலாம், நடுவுல ஸ்டேட் எதுக்கு? கேக்க சரியாதான் இருக்கு. ஆனா ஓனர் தூங்கிட்டா?

அதுக்கு உங்க பெடர்னாலஸே உதாரணம். 1938ல, அப்ப காங்கிரஸ் உறுப்பினரா இருந்த லிண்டன் ஜான்சன் (பின்னாடி பிரசிடென்ட் ஆனவர்) முயற்சில, கரண்டையே பாக்காத மலையோர கிராமங்களுக்காக ஆரம்பிச்சது. போகப்போக போர்டே ஆள பாத்து நிறுத்தும், மெம்பர் கையெழுத்து போட்டு அனுப்புவாங்க, அதுக்குப் பேரு தேர்தல். 2007ல சில மெம்பருங்க கோர்ட்டுக்குப் போனதுக்கு அப்புறம்தான் உள்ள நடந்தது வெளிய வந்துச்சு, பழைய ஜெனரல் மேனேஜருக்கு 2010ல திருட்டு, பண மோசடின்னு தண்டனை ஆச்சு. இத கண்டுபிடிச்சது கமிஷன் இல்ல, பில் கட்டுனவங்க. அதுக்கப்புறம்தான் நிஜமான போட்டித் தேர்தல் வந்துச்சு, இப்ப 7 மாவட்டம், 7 டைரக்டர்.

உங்க பில்ல எடுத்து வரி வரியா பாருங்க. மாசாமாசம் வர்ற நிலையான கட்டணம், யூனிட்டுக்கு டெலிவரி சார்ஜ், கரண்ட் விலை, இதெல்லாம் போர்டு வச்சது. டிரான்ஸ்மிஷன் சார்ஜ்னு ஒரு வரி இருக்கும், பெரிய லைன்ல கரண்ட் கொண்டு வர்ற அந்த செலவு மட்டும் கமிஷன் நிர்ணயிக்கிற ரேட்ல இருந்து வருது. மத்த வரிங்க மாறணும்னா போர்டு மாறணும். 4 லட்சத்துக்கும் மேல மீட்டர் இருக்குற இடத்துல ஓட்டு போடுறவங்க ரொம்ப கம்மி, அதனாலயே உங்க ஒரு தெரு சேந்தா கூட அதுக்கு மதிப்பு இருக்கு. தபால்ல டைரக்டர் ஓட்டுச்சீட்டு வந்தா விளம்பர கவரோட சேத்து குப்பைல போட்றாதீங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: எங்க வீடு ஆஸ்டின் சிட்டி எல்லைக்கு வெளிய, ஆனா கரண்ட் ஆஸ்டின் சிட்டியே நடத்துற ஆஸ்டின் எனர்ஜி. ரேட் வைக்கிற சிட்டி கவுன்சிலுக்கு எங்களுக்கு ஓட்டே இல்லயே?

பதில்: உங்க கேள்வி ரொம்ப நியாயம், சட்டமும் அத ஒத்துக்குது. எல்லைக்கு வெளிய இருக்குற வாடிக்கையாளர்ல 5 சதவீதம் பேரு, இல்ல 10,000 பேரு, இதுல எது கம்மியோ அத்தன கையெழுத்து 45 நாளுக்குள்ள சேத்தா கமிஷனுக்கு அப்பீல் போகலாம். 2012ல ஆஸ்டின் 18 வருஷம் கழிச்சு ரேட்ட ஏத்தினப்ப வெளியூர்க்காரங்க இப்படித்தான் போனாங்க, மறு வருஷம் சமரசமாகி அவங்களுக்கு ரேட் கொறஞ்சுது. கரண்ட்ல வர்ற காசு சிட்டி பொது நிதிக்கும் போகுது, அந்த பார்க், போலீஸ் செலவ நாங்க ஏன் குடுக்கணும்னுதான் அவங்க கேட்டாங்க.

கேள்வி: 2021 பனிப்புயல்ல டெக்சாஸ்ல ஒரு கோஆபரேட்டிவ் திவாலாச்சாமே, பையன் சொன்னான். ஸ்டேட் கண்டுக்கவே இல்லயா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிராசோஸ்னு பேரு, 16 சின்ன கோஆபரேட்டிவுக்கு கரண்ட் சப்ளை பண்ற அமைப்பு. பிப்ரவரி குளிர்ல பவர் பிளான்ட்டும் கேஸ் சப்ளையும் உறைஞ்சு நின்னுச்சு, கரண்டே இல்ல, அப்ப மொத்த விற்பனை சந்தைல (கம்பெனிங்க கரண்ட் வாங்குற இடம்) விலைய உச்சத்துலயே வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது அதே கமிஷன்தான், அதாவது சில சென்ட்டுக்கு போற யூனிட் 9 டாலர். அந்த சில நாளுக்கு மட்டும் 200 கோடி டாலருக்கு மேல பில் வந்துச்சு, மெம்பர் தலைல கட்ட மாட்டோம்னு மார்ச் 1ம் தேதி திவால் மனு போட்டாங்க. சில்லறை ரேட்ட தொட மாட்டோம்னு ஒதுங்குற ஸ்டேட், மொத்த விலை வழியா அந்த வீட்டுக்குள்ளயே வந்துடுதுன்னு அன்னிக்குத்தான் நெறைய பேருக்கு புரிஞ்சுது. எனக்கு இதுல இன்னும் கோவம் உண்டு, அந்த புயலால செத்தவங்க அரசு கணக்குலயே 246 பேரு. அப்புறம் வந்த சட்டம் சிட்டி, கோஆபரேட்டிவ் பிளான்ட் எல்லாத்தையும் குளிருக்கு தயார் பண்ணச் சொல்லி கட்டாயமாக்குச்சு, மீறினா ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும் அபராதம். அந்த உச்ச விலையையும் 5 டாலரா கொறச்சாங்க.

கேள்வி: இந்த மாதிரி நம்ம நாட்டுல உண்டா?

பதில்: உண்டு, கொஞ்சமா. கேரளாவுல திருச்சூர் மாநகராட்சி, மும்பைல மாநகராட்சியோட பஸ், கரண்ட் நிறுவனம் பெஸ்ட், தெலங்கானால நெசவாளர் ஊர் சிர்சில்லா கோஆபரேட்டிவ். வித்தியாசம் என்னன்னா இங்க 2003 மின்சார சட்டப்படி இவங்களுக்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் ரேட் வைக்கும், போர்டு இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. அப்படி இருந்தும் 2022 டிசம்பர்ல சிர்சில்லா டைரக்டர் தேர்தலுக்கு கட்சிக்காரங்க எல்லாம் சட்டசபை தேர்தல் மாதிரி எறங்கி வேல பாத்தாங்க, ஜனங்களும் கூட்டமா வந்து ஓட்டு போட்டாங்க.