துறைமுகம், குடோன், டிரெய்லர்: வடசென்னையில் இப்போது யாரை வேலைக்கு எடுக்கிறார்கள்?

தண்டையார்பேட்டையில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றுக்கு ஆள் எடுப்பது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் பி.காம். தம்புச்செட்டித் தெருவில் எந்த சி.எச்.ஏ (சுங்கத் தரகர்) ஆபீஸில் ஏறினாலும் "ஜி கார்டு இருக்கா?" என்கிறார்கள். அது இல்லாமல் நுழையவே முடியாதா? (திருவொற்றியூர்)

நுழையலாம் தம்பி. ஜி கார்டு என்பது சுங்கத் துறைத் தேர்வில் தேறிய தரகர் ஊழியருக்கான அடையாள அட்டை. அந்தத் தேர்வை வெளியிலிருந்து எழுத முடியாது. சரக்குக்கான சுங்க ஆவணங்களைத் தாக்கல் செய்யும் ஒரு சுங்கத் தரகர் நிறுவனத்தில் வேலையில் இருந்து, அவர்கள் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முதலில், இந்தத் தேர்வு தேவையில்லாத எச் கார்டோடு உதவியாளராகச் சேருங்கள். எச் கார்டுக்காரர் கூடமாட வேலை பார்க்கலாம், ஆனால் ஆவணங்களில் கையெழுத்துப் போட முடியாது. ஜி கார்டுக்காரர் போடலாம், அதனால்தான் அவருக்கு இந்தக் கிராக்கி.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. சரக்குக்கான சுங்க வரியை முகம் பாராமல் மதிப்பீடு செய்யும் முறையை 2020 ஜூன் 8 அன்று முதலில் சென்னையிலும் பெங்களூரிலும்தான் தொடங்கினார்கள். இங்கே இறங்கிய சரக்கின் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதி ஆவணத்தை) வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். ராஜாஜி சாலை சுங்க அலுவலகத்தில் மாடியேறி நேரில் விளக்கியதை இப்போது எழுத்தில் விளக்க வேண்டும். சரக்கு எந்த எச்.எஸ் கோடில் (சரக்கு வகை எண்ணில்) வரும், ஏன் அதில் வரும் என்று நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவரைத்தான் தேடுகிறோம். நேர்காணலில் ஓர் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் நீட்டி, "எங்கே இடிக்குது?" என்று கேட்பேன். பட்டம் எந்தக் கல்லூரி என்று கேட்டதாக நினைவில்லை.

அப்படியானால் என்னைப் போல ஃபைலோடு ஓடியே வயதானவர்கள்? எனக்கு 48. (ராயபுரம்)

அண்ணே, ஓட்டம் குறைந்தது உண்மை. நேரடித் துறைமுக டெலிவரி வந்தபின் பல கன்டெய்னர்கள் சி.எஃப்.எஸ் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) பக்கமே வராமல் இறக்குமதியாளரிடம் போய்விடுகின்றன. ஆனால் சோதனைக்குப் பிடித்த கன்டெய்னரை ஆள்தான் திறந்து காட்ட வேண்டும். மணலி, மாதவரம் யார்டுகளில் யாரைப் பிடித்தால் ஃபோர்க்லிஃப்ட் வரும் என்று தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். கூடவே சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஆவணத்தின் நிலையைப் பார்க்கப் பழகிவிடுங்கள். பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

செங்குன்றம் தாண்டி இத்தனை பெரிய குடோன்கள் எப்படி வந்தன? பெண்களுக்கு வேலை உண்டா?

மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் வரி என்பதால் முன்பு ஒவ்வொரு மாநிலத்திலும் சின்னச் சின்ன குடோன் வைத்திருந்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்ததும் அந்தத் தேவை போனது. பலர் ஒரே பெரிய இடமாகச் சேர்த்தார்கள். ஆன்லைன் விற்பனையும் சேர்ந்துகொண்டது.

பெண்களை நிறையவே எடுக்கிறார்கள்: பொருள் எடுப்பது, கட்டுவது, ஸ்கேன் செய்வது, ஸ்டாக் கணக்கு. எக்செல் தெரிந்தால் ஸ்டாக் கணக்குப் பக்கம் கேளுங்கள், அங்கிருந்துதான் மேலே போக வழி. ஆனால் பெரும்பாலும் ஏஜென்சி சம்பளம்தான். ஆகவே யூ.ஏ.என் என்ற உங்கள் பி.எஃப் அடையாள எண்ணைப் போட்டு மாதாமாதம் பி.எஃப் ஏறுகிறதா என்று பாருங்கள். உங்களிடம் 12 சதவீதம் பிடித்தால் அவர்களும் அதே அளவு போட வேண்டும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ உண்டு. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வண்டி உண்டா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பிறகு வேலையை விட்டவர்கள் அதிகம்.

டிரெய்லர் ஓட்டுகிறேன். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக வரிசையிலேயே பொழுது போகிறது. வேறு வழி? (மீஞ்சூர்)

டேங்கர் பக்கம் பாருங்கள். அபாயகரமான சரக்குக்கான பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்தவர்கள் குறைவு, மணலியில் தேவை அதிகம். ஓட்டுநர் கிடைக்காததால் முதலாளிகளும் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி கேபின் கட்டாயம். புது வண்டி தருவார்களா, காத்திருக்கும் நேரத்துக்குப் பேட்டா உண்டா என்று இரண்டையும் பேசி முடித்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.

துறைமுகத்தில் நிரந்தர வேலை என்று 2 லட்சம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள்.