தனுஷ்கோடிக்கு பர்மிட்டா? யார் சொன்னது?

கேள்வி: எழுபது வயது அம்மாவுக்கு தனுஷ்கோடியைப் பார்க்க ஆசை. முட்டி வலி உண்டு. சிவாஜிநகர் ஏஜென்ட் ஒருவர், “சொந்தக் கார் உள்ளே போகாது, பர்மிட்டும் ஜீப்பும் சேர்த்து ஆறாயிரம்” என்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, அல்சூர், பெங்களூரு

கொடுக்காதீர்கள். பழைய கதையை இன்றைய விலைக்கு விற்கிறார் அவர். மணலில் வேன் குலுங்கிய காலம் 2017-லேயே மலையேறிவிட்டது. இப்போது தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. கார் போகும், ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸும் போகும். பர்மிட் என்று ஒன்றும் கிடையாது. வழியில் வண்டிக்குக் கட்டணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். ‘அனுமதிச் சீட்டு தேவையில்லை’ என்று பெரிதாக ஒரு பலகை வைத்தால் இந்தப் பிழைப்பில் பாதி படுத்துவிடும். அதற்கு யாருக்கு நேரம்?

கார் போகாத நாளும் உண்டு. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, கடல் சீறினால் போலீஸ் வழியை மறித்துவிடும். அன்றைக்கு ஜீப்பும் போகாது, ஏஜென்டின் மாமாவே வந்தாலும் போகாது. 1964 டிசம்பர் 22 இரவு பயணிகளோடு ஒரு ரயிலையே விழுங்கிய கடல் அது. அதனால் நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் கிளம்பும் முன் வானிலைச் செய்தி பாருங்கள், ராமேஸ்வரத்தில் தங்கும் இடத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களிலும் இருட்டிய பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

மதுரை வரை ரயில்தான் அம்மாவுக்கு நல்லது. வந்தே பாரத் இருக்கிறது, இரவில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அப்புறம் சுமார் 170 கிலோமீட்டர் டாக்ஸி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், நீங்களே போடுங்கள். “தட்கல் என் பொறுப்பு” என்று அதே ஏஜென்ட் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் தொடவே முடியாது. அதற்குள் பெரும்பாலும் காலியாகிவிடும்.

இடிந்த தேவாலயமும், கொழும்பு போகிறவர்கள் போட் மெயில் ரயிலில் வந்து இறங்கிய ரயில் நிலையத்தின் மிச்சமும் சாலையை ஒட்டியே இருக்கின்றன. மணலில் கொஞ்சம் நடக்கவேண்டும், கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெண் கடல் என்று சொல்லும் வங்காள விரிகுடா பக்கம் அலை சாதுவாக இருக்கும். ஆண் கடல் என்று சொல்லும் இந்தியப் பெருங்கடல் பக்கம் அம்மா கால் நனைக்கவும் வேண்டாம். கழிப்பறை வேலையை ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.